கடலுக்கு அந்தாண்ட ஒருத்தி

நான் தார் சுத்தறவ. தார்னா ஒண்ணும் பெருசு இல்ல, தறியில குறுக்க ஓடற நாடாவுக்குள்ள வைக்கிற குச்சியில பட்டு நூலைச் சுத்திக் குடுக்கறது. பிள்ளையார்பாளையத்துல எங்க தெருவுல பதினேழு தறிக்கு என் கையால சுத்தின தார்தான் போவும். வீடு வீடா போயி நூலு வாங்கியாரணும், சுத்தி முடிச்சிட்டு வீடு வீடா போயி குடுக்கணும். அதனால எந்த வீட்டுல இன்னா கொழம்பு, எந்த மாமியாருக்கும் மருமவளுக்கும் பேச்சுவார்த்தை இல்ல, எல்லாம் எனக்கு அத்துப்படி. "ஜெயம்மா காதுல உளுந்தா கோயில் மைக்குல போட்ட மாதிரி"ன்னு பேசுவாங்க. பேசட்டுமே. வாயி இல்லைன்னா என்னை எப்பவோ நாயி தூக்கினு போயிருக்கும். புருசன் இல்ல, புள்ள இல்ல, வாயி ஒண்ணுதான் எனக்குத் தொணை.

ஆனா ஒரே ஒரு விசயத்துல பன்னெண்டு வருசமா இந்த வாயைத் தெறக்கல. இப்ப அந்தப் பக்கத்து வீட்டுக்காரங்க வீட்டை வித்துட்டு தாம்பரம் பக்கம் குடி போயிட்டாங்க. அதனால சொல்றேன்.

எங்க வீட்டுக்கும் ராமலிங்க முதலியார் வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவரு. அந்தாண்ட அவங்க தறிக்குழி, இந்தாண்ட என் ராட்டை. ஓட்டுக்குக் கீழ ரெண்டு செங்கல் இல்லாம ஒரு சந்து இருக்கும். தறி நடந்தா ஒரு சத்தமும் கேக்காது. தறி நின்னா, அவங்க வீட்டுல சோத்துக் குண்டான் மூடியத் தெறக்கறதுகூட கேக்கும். ஒட்டுக் கேட்டேன்னே வெச்சிக்கோயேன், எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்ல.

ராமலிங்கம் நெய்யறது கோர்வைச் சேலை. ஒடம்பு ஒரு கலரு, கரை வேற கலரு, ரெண்டையும் கோத்துக்கினே போவணும். ஒத்த ஆளால ஆவாது. அவரு குழியில உக்காந்து ஒடம்பு நாடாவ உடுவாரு, வலது பக்கத்துல மருமவ சங்கரி உக்காந்து கரை நாடாவ உடுவா. பதினோரு வருசமா அப்படித்தான். சங்கரி ஒரு நாளு எழுந்து போனா அன்னிக்கித் தறி நின்னுச்சின்னு அர்த்தம்.

அவ புருசன் குமாரவேலு தறியில உக்காரல. நல்லா படிச்சான், கணக்குல ஃபர்ஸ்ட் கிளாஸ். பரீட்சை எழுதி மெட்ராஸ்ல சென்ட்ரல் கவுர்மெண்ட் வேலை கெடச்சுது. இன்னா வேலைன்னு கேட்டா "ரெக்கார்டு செக்‌ஷன்"ம்பான். எந்த டிப்பார்ட்மெண்டுன்னு கேட்டா "சென்ட்ரல்"ம்பான். திருவல்லிக்கேணியில ஒரு மேன்ஷன்ல தங்கிக்கினு சனிக்கெழம சாயந்தரம் பஸ்ஸுல வருவான், திங்கக்கெழம மொத பஸ்ஸுக்குப் போயிடுவான். தெருவுல ஒருத்தனும் அவனால ஒரு பிரயோசனமும் கண்டதில்ல. ஒருத்தருக்கு ரேஷன் கார்டு, ஒருத்தருக்கு டெலிபோன் கனெக்‌ஷன், யாரு போயி நின்னாலும் "அது என் கையில இல்லண்ணே"ன்னு தரையப் பாப்பான். நானே சொல்லியிருக்கேன், "இவன் கவுர்மெண்டுல இருக்கறதும் ஒண்ணு, கருவாட்டுச் சட்டியில பூனை தூங்கறதும் ஒண்ணு"ன்னு.

தொண்ணூத்தி ஏழு ஐப்பசியில ஆரமிச்சுது இந்த வெவகாரம். அடை மழை. தறிக்குழியில தண்ணி ஊறி, சாக்கு போட்டு இறைச்சிக்கினு இருந்தாங்க. ஒரு திங்கக்கெழம கொழாயண்ட சங்கரி தானா சிரிச்சுக்கினு நின்னா.

"இன்னாடி, புதையல் எடுத்தியா?"ன்னு கேட்டேன்.

"போக்கா. நேத்து அந்த மாம்பழக் கலரு பொடவ கட்டிக்கினேன். இவரு பாத்துட்டு வடிவா இருக்கேன்னாரு. கல்யாணம் ஆயி பதினோரு வருசத்துல இப்பத்தான் கண்ணு தெறந்துச்சி போல."

அது அத்தோட போயிருக்கலாம். என் புத்தி சும்மா இருக்குமா? வடிவுன்னு இந்த ஊருல எவன் சொல்றான்? நல்லாக்கீதுன்னுவான், சோக்காக்கீதுன்னுவான். என் தங்கச்சிய கும்மிடிப்பூண்டியில குடுத்திருக்குது. அங்க சிலோன்லேர்ந்து வந்தவங்க முகாம் இருக்குது. நான் போவும்போதெல்லாம் அந்தப் பொம்பளைங்க பேசறதக் காதுகுளிரக் கேட்டிருக்கேன். வடிவு அவங்க வார்த்தை.

அப்பாலிக்கி நான் காத நல்லாத் தீட்டிக்கினேன். அப்பன் கேட்டா "ஆமா"ன்னு சொல்லாம "ஓம்"ங்கறான். அவன் பொண்ணு தொணதொணன்னா "சும்மா கதைக்காத"ங்கறான். "பேந்து பாக்கலாம்"ங்கறான். பேந்துன்னா அப்பறம். வாரத்துல ஆறு நாளு மெட்ராஸ்ல இருக்கறவனுக்கு இந்தப் பேச்சு எங்கேர்ந்து ஒட்டுச்சி? நெதம் காதுக்குள்ள பேசுனாத்தானே நாக்குல ஒட்டும்?

அதுக்கு மேல இன்னொண்ணு. மூணு வாரமா வீட்டுக்கு வந்தா மொத வேலையா தலைக்கு ஊத்திக்கினான். ஞாயித்துக்கெழம கறி எடுத்தா தொடறதில்ல, ரசம் ஊத்தி ரெண்டு வாயி. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவான். ஒரு தடவ அழுதான், சந்து வழியா கேட்டேன்.

எல்லாத்தையும் கூட்டிப் பாத்தேன். சிலோன்காரி ஒருத்திய வெச்சிருக்கான், இப்ப ரெண்டு பேருக்கும் ஏதோ சண்டை. என் கணக்கு எனக்கு அவ்ளோ தெளிவா இருந்துச்சி. சங்கரிகிட்ட சொன்னேன். மொதல்ல என்னைத் திட்டுனா, "உன் வாயில புத்து வைக்க"ன்னா. ரெண்டு நாளு கழிச்சு மூஞ்சி வீங்கி வந்து நின்னா. "ஆமாக்கா, நானும் கவனிச்சேன்"ன்னா.

அத்தோட நிறுத்தினேனா நான்? அவ அண்ணன் உமாபதி வாலாஜாபாத்துல ரைஸ் மில்லுல மேஸ்திரி. முன்கோபி. தங்கச்சியப் பாக்க வந்தவரு திரும்பிப் போவும்போது, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கூடவே கொடை புடிச்சிக்கினு போயி எல்லாத்தையும் சொன்னேன். "ஞாயித்துக்கெழம வரேன், ஜெயம்மாக்கா. ஒண்ணு அவன் கோயில்ல கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணணும். இல்ல, எங்க வீட்டுப் பொண்ண நான் இட்டுக்கினு போயிடுவேன்"ன்னு பல்லக் கடிச்சாரு.

ஞாயித்துக்கெழம காலையில மழ உட்டிருந்துச்சி. முதலியாரு பட்டு நூலு எடுக்கப் போயிட்டாரு, பொண்ணு ஹிந்தி டியூஷன் போயிட்டுது. தறி நிக்குது. நான் ராட்டைய நிறுத்திட்டு சந்துக்குக் கீழ போயி உக்காந்துக்கினேன்.

பெட்டி தெறக்கற சத்தம். துணி எடுத்து வெக்கறா.

"சங்கரி, இன்னா பண்ற?"

"எங்க அண்ணன் மத்தியானம் வருது. நீங்க சத்தியம் பண்ணாலும் நான் போறேன். சத்தியம் பண்ணிட்டு அங்க போயி கதைக்கத்தானே போறீங்க."

அப்பறம் குமாரவேலு தாழ்வாரக் கதவைச் சாத்துனான்.

"நான் சொல்றத யாருக்கிட்டயும் சொல்லக் கூடாது. எங்க அப்பாகிட்டகூட. சொன்னா என் வேலை போவும், ஜெயிலுக்குக்கூட போவணும். கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"கொலை பண்ணிட்டீங்களா?"

"என் வேலை ரெக்கார்டு செக்‌ஷன் இல்ல. உளவு ஆபீசு. கடலுக்கு அந்தாண்ட சண்டை நடக்குது இல்ல, அவங்க வயர்லெஸ்ல பேசிக்குவாங்க. அதை இங்க புடிப்பாங்க. புடிக்கறது வேற ஆளுங்க. டேப்பும் எழுதின காயிதமும் என் மேசைக்கு வரும். கேட்டு, படிச்சி, இவன் இன்னா சொல்றான், எதுக்குச் சொல்றான், நெசமா, பொய்யா, அடுத்தாப்புல இன்னா நடக்கும்னு நான் எழுதிக் குடுக்கணும். ரெண்டு பக்கம். அதுதான் என் வேலை."

சங்கரி சிரிச்சா. சத்தியமா சிரிச்சா. "இன்னாங்க இது, ரீல் உடறதுன்னா கொஞ்சம் நம்பற மாதிரி உடக்கூடாதா? ஒருத்தன் பேசறத இன்னொருத்தன் ஒட்டுக் கேக்கறதுக்கு கவுர்மெண்டு சம்பளம் குடுக்குதா? அப்டி பாத்தா பக்கத்து வீட்டு ஜெயம்மாக்கா இன்னேரம் பங்களா கட்டியிருக்கணும்."

சுவத்துக்கு இந்தாண்ட எனக்கு ஒடம்பு கூசிப்போச்சு.

"நெசம், சங்கரி. பக்கத்து மேசைக்காரன் இன்னா பண்றான்னு எனக்குத் தெரியாது, நான் இன்னா பண்றேன்னு அவனுக்குத் தெரியாது. மத்தியானம் சோறு துன்னும்போது கிரிக்கெட் பேசிக்குவோம். நான் எழுதிக் குடுத்தது மேல போவும். மேல போனது ஒருநாளும் திரும்பி வராது. சரியா எழுதினனா, தப்பா எழுதினனா, ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. இப்டியே ஆறு வருசம்."

"அதுக்கும் நீங்க அழுவறதுக்கும் இன்னா சம்மந்தம்?"

"ஒருத்தன் இருந்தான். பேரு தெரியாது, ஃபைலுல ஏழாம் நம்பரு. படகு உடறவன். டீசலு, மருந்து, எல்லாம் ஏத்திக்கினு வருவான். நாலு வருசமா அவன் குரலு என் காதுல. வேலைப் பேச்சு முடிஞ்சதும் கடைசியில ரெண்டு நிமிசம் பொண்டாட்டிகிட்ட பேசுவான். இந்த ரெண்டு நிமிசம் தேவையில்லைன்னு டேப்ப நிறுத்திடலாம். நான் நிறுத்தறதில்ல."

"ஏன்?"

"தெரியல. அந்த மேன்ஷன் ரூமுல எனக்கு யாரு இருக்கா, பேசறதுக்கு?"

சங்கரி பெட்டி மூடியத் தட்டுனா. "நான் நம்பல. அவன் எப்டிப் பேசுவான், பேசிக் காட்டுங்க பாக்கலாம். நாலு வருசம் கேட்டேன்றீங்களே."

அப்பறம் நான் கேட்டது குமாரவேலு குரலு இல்ல. சாமி சத்தியமா இல்ல. வேற ஒரு ஆம்பள அந்த வீட்டுக்குள்ள வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சி. மெதுவா, இழுத்து, ஒரு கனிவா.

"இஞ்சாரும், கேக்குதோ? நான்தான். சாப்பிட்டீரோ? பிள்ளை நித்திரையோ? அவளுக்குக் காய்ச்சல் விட்டிட்டுதோ? மழைக்குள்ள நனையாதேயும், உமக்கு உடன தடிமன் வந்திடும். ஒண்டுக்கும் யோசியாதேயும், நான் இருக்கிறன்தானே. பிள்ளையின்ர பிறந்தநாளுக்கு எப்பிடியும் வந்திடுவன். அந்தப் பச்சைச் சீலையைக் கட்டிக்கொண்டு நில்லும், அது உமக்கு வடிவு."

சங்கரி, "பொண்டாட்டிய இவ்ளோ மரியாதையா கூப்புடுவானா?"ன்னு கேட்டா. "பதினோரு வருசமா நீங்க என்னை ஒரு தடவ சாப்ட்டியான்னு கேட்டதில்ல. எவனோ ஒருத்தன் அவன் பொண்டாட்டிய கேட்டதத்தான் எனக்குக் கொண்டாந்து குடுத்தீங்க, இல்ல? அந்த வடிவு எனக்கு இல்ல."

சங்கரி பெட்டிய ஓரமாத் தள்ளுனா.

"அப்பறம் இன்னா ஆச்சி அவனுக்கு?"

"பொறந்தநாளுக்கு வரேன்னான் இல்ல? அந்தக் கொழந்த பொறந்த தேதி எனக்குத் தெரியும், போன வருசம் வாழ்த்துனத கேட்டிருக்கேன். அந்தத் தேதிக்கு வீட்டுல இருக்கணும்னா எந்தத் தேதிக்குள்ள படகு எடுக்கணும், காத்து எப்டி, நெலா எப்டின்னு கணக்குப் போட்டேன். நான்தான் கணக்குல கெட்டிக்காரனாச்சே. பதினொண்ணு இல்லன்னா பன்னெண்டாந்தேதி கெளம்புவான்னு எழுதிக் குடுத்தேன். நல்லா எழுதியிருக்கேன்னு அதிகாரி சொன்னாரு. ஆறு வருசத்துல மொத தடவ."

"கெளம்புனானா?"

"பதிமூணாந்தேதிலேர்ந்து அவன் குரலு வரல. பேப்பருல ஒரு மூலையில போட்டிருந்தான், நடுக்கடல்ல படகு மூழ்குச்சின்னு. அது அவன் படகுதானா, நான் எழுதினதாலதான் போச்சா, வேற எதனாலயாவது போச்சா, எனக்குத் தெரியாது. கேக்கவும் முடியாது. ஆனா அவன் பொண்டாட்டி கூப்ட்டா, சங்கரி. ஒம்போது நாளு கூப்ட்டுக்கினே இருந்தா. 'கேக்குதே அப்பா? நான் கதைக்கிறன். கேக்குதே?'ன்னு. அங்க புருசனையும் அப்பான்னுதான் கூப்புடுவாங்க. ஒம்போது நாளும் நான் கேட்டேன். பத்தாம் நாளு அவளும் நிறுத்திட்டா. தொடர்பு இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்து தலைக்கு ஊத்திக்கினேன்."

அவன் அழுவறது கேட்டுச்சி. சங்கரி எழுந்து போவறதும், சொம்புல தண்ணி மொண்டாறதும் கேட்டுச்சி.

"அவ புருசன் செத்துட்டான்னு அவளுக்கு யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. ஒடம்பே கெடைச்சிருக்காது."

நான் சுவத்துல சாஞ்சிக்கினு உக்காந்துட்டேன். மடியில நூலு சிக்கிப்போச்சு, எடுக்கத் தோணல. என் கூட்டல் கழித்தல் எல்லாம் இப்டி ஆயிடுச்சே. குமாரவேலு கணக்குல ஒரு குடும்பம் போச்சுன்னு அவரு அழுவறாரு, என் கணக்குல இந்தக் குடும்பம் போவப் போவுது. உமாபதிய எப்டி நிறுத்தறது? உண்மைய சொன்னா குமாரவேலு ஜெயிலுக்குப் போவாரு. இத்தன நாளு எங்கூட பொறந்த வாயி, அன்னிக்கி எதுக்கும் ஒதவல.

மூணு மணிக்கு உமாபதி வந்தாரு. வெத்தல பாக்கு இல்ல, காப்பி வேணான்னுட்டாரு. கூடத்துல ராமலிங்கம் தூணுல சாஞ்சி தலையத் தொங்கப் போட்டுக்கினு இருந்தாரு. என்னையும் கூப்ட்டாங்க. சாட்சிக்கு.

"மாப்ள, நேரா கேக்கறேன். அந்தப் பொம்பள யாரு?"

"பொம்பள யாரும் இல்ல மச்சான். கற்பூரம் ஏத்துங்க, சத்தியம் பண்றேன்."

"அப்ப இந்த சிலோன் பேச்சு எங்கேர்ந்து வந்துச்சி? இதோ ஜெயம்மாக்கா காதால கேட்டிருக்கு. கேட்டியாக்கா, இல்லியா?"

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. "கேட்டேன்... எதையோ தப்பாக் கேட்டிருப்பேன்"னு முனகுனேன்.

"அன்னிக்கிக் கொடை புடிச்சிக்கினு வந்து அடிச்சி சொன்னியே!"

"ஆபீசுல ஒரு சிநேகிதன், யாழ்ப்பாணத்துக்காரன். அவன்கிட்ட பேசிப் பேசி..."ன்னு குமாரவேலு தரையப் பாத்துக்கினு சொன்னாரு. பொய்யி அவருக்கு வரல. இத்தன வருசம் எதையும் சொல்லாமயே இருந்த ஆளு, பொய்யி சொல்லப் பழகவே இல்ல.

"அப்டியா? ரொம்ப நல்லதாப் போச்சு. நாளைக்கி உங்களோட மொத பஸ்ஸுல நானும் வரேன். அந்த சிநேகிதனக் கண்ணால காட்டுங்க. உங்க அதிகாரியப் பாக்கறேன். உங்க ஆபீசுல வேலை செய்யறவரு சிலோன்காரிய வெச்சிருக்காருய்யா, விசாரின்னு ஒரு மனு எழுதிக் குடுக்கறேன். அவங்க விசாரிக்கட்டும்."

குமாரவேலு மூஞ்சி வெளுத்துப் போச்சு. வேற எந்த ஆபீசுன்னாலும் இந்த மனு குப்பைக்குப் போவும். அந்த ஆபீசுல சிலோன்காரின்னு ஒரு வார்த்தை உளுந்தா இன்னா ஆவும்னு அந்தக் கூடத்துல மூணு பேருக்குத் தெரியும். அதுல ஒருத்தி நான். எனக்குத் தெரியும்னு அந்த ரெண்டு பேருக்கும் தெரியாது.

அடுக்களை நெலையில நின்னுக்கினு இருந்த சங்கரி ஒரு அடி முன்னால வந்தா.

"நீ மெட்ராஸ் போவ வேணாண்ணா. நெசந்தான். ஒருத்தி இருந்தா."

ராமலிங்கம் "ஐயோ, முருகா"ன்னு தலையில அடிச்சிக்கினாரு. குமாரவேலு "சங்கரி"ன்னு எழுந்தாரு. அவ கையக் காட்டி உக்கார வெச்சா.

"காலையில எல்லாத்தையும் எங்கிட்ட ஒத்துக்கினாரு. முடிஞ்சி போச்சு. அவ இப்ப இங்க இல்ல, கடலுக்கு அந்தாண்ட போயிட்டா. நான் மன்னிச்சிட்டேன். எம்பொட்டியத் திருப்பி உள்ள வெச்சிட்டேன். இன்னும் யாருக்கு இன்னா வேணும்?"

"மன்னிச்சிட்டியா? வெக்கங்கெட்டவளே! எவ அவ? எங்க இருந்தாலும் நான் போயி நாலு வார்த்தை கேக்காம உடமாட்டேன். புருசன் இல்லாத முண்டையா?"

"அப்டி சொல்லாதண்ணா." சங்கரிக்கு அப்பத்தான் அழுவ வந்துச்சி, வந்தது நிக்கல. பொடவத் தலைப்ப வாயில வெச்சி அழுத்திக்கினு சொன்னா: "அவ புருசன் செத்துட்டான். அவளுக்கு இன்னும் தெரியாது. அவளப் போயி யாரும் ஒண்ணியும் கேக்க வேணாம்."

உமாபதிக்கு ஒண்ணும் புரியல. கூடப்பொறந்தவ சக்களத்திக்காக இப்டித் தேம்பித் தேம்பி அழுவறாளேன்னு பேந்தப் பேந்த முழிச்சாரு. அப்பறம் துண்ட ஒதறித் தோளுல போட்டுக்கினு, "இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்"னு சொல்லிட்டு எறங்கிப் போனாரு. சங்கரி அப்பன் சாவுக்குத்தான் அண்ணனும் தங்கச்சியும் மறுபடி பாத்துக்கினாங்க.

தெரு முழுக்கப் பரவிடுச்சி. நான் பரப்பல, சத்தியமா இந்தத் தடவ நான் இல்ல. கொழாயண்ட ஒருத்தி "சக்களத்திய மன்னிச்ச மகராசி"ன்னு ஜாடை பேசுனா. கல்யாணம் காட்சின்னா சங்கரிய ஆரத்தி எடுக்கக் கூப்புடறத நிறுத்திட்டாங்க. அவ தறியில உக்காந்து கரை நாடாவ உட்டுக்கினே இருந்தா. சனிக்கெழம குமாரவேலு வருவாரு, ரெண்டு பேரும் எதுத்தாப்புல உக்காந்து சாப்புடுவாங்க. சந்து வழியா ஒரு பேச்சும் கேக்காது. ஒரே ஒரு தடவ அவ சொன்னது கேட்டுச்சி: "இனிமே ஆபீசுல நடக்கறது எதையும் எங்கிட்ட சொல்லாதீங்க. நான் யாருகிட்ட சொல்றது?"

அதக் கேட்ட வாரம் நான் ஒரு நாளு பூரா ஒத்திகை பாத்துக்கினேன். சங்கரி, எல்லாத்தையும் நான் சுவத்தாண்ட கேட்டேன், எம்மேலதான் தப்பு, எங்கிட்ட சொல்லிக்கோடி, நான் யாருகிட்டயும் மூச்சு உடமாட்டேன். இப்டி சொல்லணும்னு வார்த்தைய அடுக்கி வெச்சிக்கினு, தார்க்கூடைய எடுத்துக்கினு அவங்க வீட்டுக்குப் போனேன்.

சங்கரி கூடைய வாங்கி ஓரமா வெச்சா. நான் வாயத் தெறக்கறதுக்குள்ள என் ரெண்டு கையையும் புடிச்சிக்கினா.

"அக்கா, அன்னிக்கி உன்னை வாயில வந்தபடி திட்டிட்டேன். நீ சொன்னதுதான் நெசம். உன் காது தப்பாது. நீ மட்டும் சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

என் கண்ண நேரா பாத்துக்கினு சொன்னா. ஒரு சொட்டுத் தண்ணி இல்ல அவ கண்ணுல. புருசனக் காப்பாத்தறதுக்கு யாருகிட்டெல்லாம் பொய்யி சொல்லணும்னு அவ போட்டு வெச்சிருந்த கணக்குல நானும் ஒருத்தி. நெசத்த நான் கேட்டுட்டேன்னு சொன்னா, அன்னிலேர்ந்து ஒவ்வொரு நாளும் என் வாயிக்கு பயந்துக்கினுதான் அவ தறியில உக்காரணும்.

"உடு சங்கரி"ன்னேன். "ஆம்பளைங்கன்னா அப்டித்தான்."

"ஆமாக்கா"ன்னா அவ. காலிக் குச்சிங்கள எண்ணி என் கூடையில போட்டா. நான் வாங்கிக்கினு அடுத்த வீட்டுக்குப் போனேன்.